நிலமும் பொழுதும்: ஜான் கான்ஸ்டபிளின் ஓவிய வாழ்வில் மரபும் இயற்கையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837), முன்னோர் மரபை உதறிவிட்டு இயற்கையை மட்டுமே ஆசானாகக் கொண்டவர் என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. அவருடைய வாழ்க்கை நிகழ்வுகளைக் கால வரிசையில் நோக்கும்போது இக்கருத்து முழுமையானதன்று என்பது புலப்படுகிறது. இயற்கையை நேரில் நோக்கும் பயிற்சியும் முன்னோர் ஓவியங்களைப் படியெடுக்கும் பயிற்சியும் அவர் வாழ்வில் இறுதிவரை இணைந்தே இயங்கின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கான்ஸ்டபிள், நிலக்காட்சி ஓவியம், எண்ணெய் வண்ணம், மரபு, படியெடுத்தல், முதற்பொருள்.

முன்னுரை

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்திருப்பதைத் தமிழ் ஆய்வாளர் நன்கறிவர். அவ்வாறே நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து அமைவதே புலனெறி வழக்கம் என்பதும் நாம் அறிந்ததே. கவிஞன் கண்ட உலகம் ஒருபுறம். முன்னோர் வகுத்த நெறி மறுபுறம். இவ்விரண்டில் ஒன்றை விட்டு ஒன்று நில்லாது என்பது தமிழ் இலக்கணம் கண்ட உண்மை. இதே சிக்கல் பிறிதொரு நாட்டில், பிறிதொரு கலையில், பிறிதொரு காலத்தில் எழுந்தபோது ஒரு கலைஞர் அதனை எவ்வாறு எதிர்கொண்டார் என்று காண்பது பயனுடையது. கான்ஸ்டபிளுக்கும் தமிழ் மரபுக்கும் தொடர்பு எதுவுமில்லை. அப்படியொரு தொடர்பைக் கற்பிப்பதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. நமக்குப் பழக்கமான கலைச்சொற்கள் அவர் வாழ்வை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றன என்ற அளவிலேயே அவை இங்கு எடுத்தாளப்படுகின்றன.

ஆற்றங்கரை இளமை

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சஃபோக் மாவட்டத்தைச் சேர்ந்த ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் சிற்றூரில் 1776ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கான்ஸ்டபிள் பிறந்தார். தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் செல்வம் மிக்க தானிய வணிகர். ஸ்டூர் ஆற்றின் கரையில் ஃபிளாட்ஃபோர்டு, டெடம் ஆகிய இடங்களில் நீர்விசையால் இயங்கும் மாவாலைகள் அவருக்கு உரியனவாக இருந்தன. அரைத்த மாவு சரக்குப் படகுகளில் ஆற்றின் வழியே கீழ்நோக்கிச் சென்றது. அங்கிருந்து அவருடைய சிறு கப்பலில் இலண்டனை அடைந்தது. பிற்காலத்தில் மகன் தீட்டிய மதகுகள், படகுகள், படகை இழுக்கும் குதிரைகள், ஆலைகள் ஆகிய அனைத்தும் தந்தையின் தொழிற்களத்தைச் சேர்ந்தவையே. திணை இலக்கண வழக்கிற் கூறினால், ஓவியரின் கருப்பொருள்கள் யாவும் அவர் பிறந்த வீட்டின் வாழ்வாதாரமாக இருந்தவை.

மூத்த மகன் உடல்நலக் குறையுடையவராக இருந்தமையால், இரண்டாம் மகனான ஜான் குடும்பத் தொழிலை ஏற்பார் எனத் தந்தை எதிர்பார்த்தார். பள்ளிக் கல்விக்குப் பின் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஜான் ஆலையில் பணியாற்றவும் செய்தார். காற்றாலையை இயக்குவோர் மேகத்தையும் காற்றின் திசையையும் ஓயாது கவனித்தாக வேண்டும். தவறினால் ஆலைக்கே சேதம் நேரும். வானத்தைப் பயன் கருதி உற்றுநோக்கும் பழக்கத்தை அவர் இங்கேயே பெற்றார் எனலாம். ஓய்வு நேரங்களில், அவ்வூரில் குழாய்ப் பணியும் கண்ணாடிப் பணியும் செய்துவந்த ஜான் டன்தோர்ன் என்பவரோடு வயல்வெளிக்குச் சென்று வரைந்தார். டன்தோர்ன் முறையான பயிற்சி பெற்றவரல்லர். ஆயினும் திறந்தவெளியில் வரைவதில் பேரார்வம் உடையவர். இயற்கையை நேர்நின்று நோக்கும் பயிற்சி கான்ஸ்டபிளுக்கு இவ்வாறு தொடங்கியது. தந்தையின் தொழில் பின்னர் இளைய மகன் ஏப்ராமின் கைக்குச் சென்றது.

முன்னோர் ஓவியங்களின் அறிமுகம்

கான்ஸ்டபிளின் மற்றொரு பயிற்சியும் ஏறத்தாழ அதே காலத்தில் தொடங்கியது. ஓவியத் தொகுப்பாளரும் தாமே ஓவியருமான சர் ஜார்ஜ் போமாண்ட், டெடம் ஊரில் வாழ்ந்த தம் தாயைக் காண அடிக்கடி வந்து சென்றார். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த க்ளோட் லொரைன் வரைந்த ஆகாரும் தேவதூதரும் என்னும் சிற்றோவியத்தைப் போமாண்ட் தம் பயணங்களிலும் உடன் கொண்டுசெல்வது வழக்கம். 1646ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வோவியமே கான்ஸ்டபிள் கண்ட முதற் பேரோவியம் எனக் கருதப்படுகிறது. தாமஸ் கர்ட்டினின் நீர்வண்ண ஓவியங்களையும் போமாண்ட் அவருக்குக் காட்டினார்.

க்ளோடின் அவ்வோவியத்தில் இருபுறமும் மரங்கள் சட்டம்போல் நிற்க, நடுவே ஆறு வளைந்தோடித் தொலைவான ஒளியில் கரைகிறது. முன்னணியில் கைவிடப்பட்ட தாயான ஆகார் இருக்கிறாள். இந்த அமைப்பு கான்ஸ்டபிளின் நெஞ்சில் நீங்காது தங்கியது. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

இலண்டன் பயிற்சியும் மறுத்த பணியும்

1799ஆம் ஆண்டு தந்தையின் இசைவோடும் சிறிய பண உதவியோடும் கான்ஸ்டபிள் இலண்டன் சென்று ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு மனித உருவம் வரைதலே முதன்மைப் பாடம். வரலாற்று ஓவியமும் உருவ ஓவியமும் உயர்ந்தன. நிலக்காட்சி ஓவியம் அவற்றுக்குக் கீழ்ப்பட்டது என்பது அக்காலத்து மதிப்பீடு. ரிச்சர்ட் வில்சனின் மாணவரான ஜோசப் ஃபாரிங்டன் அவருக்கு அறிவுரை வழங்கினார். க்ளோட், ராய்ஸ்டால், அன்னிபாலே கராச்சி ஆகியோரின் படைப்புகளைக் கான்ஸ்டபிள் இக்காலத்தில் படியெடுத்தார். தம் சஃபோக் மண்ணுக்கே உரிய முன்னோடியான தாமஸ் கெய்ன்ஸ்பரோவின் ஓவியங்களையும் ஆழ்ந்து நோக்கினார்.

1802ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டு அகாடமியின் கண்காட்சியில் அவருடைய ஓவியம் முதன்முறையாக இடம்பெற்றது. படைத்துறைப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் ஓவிய ஆசிரியராகும் வாய்ப்பும் வந்தது. நிலையான ஊதியம் தரும் அப்பணியை அகாடமித் தலைவர் பெஞ்சமின் வெஸ்டின் அறிவுரைப்படி அவர் மறுத்தார். அதே வேளையில் டன்தோர்னுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், கடந்த ஈராண்டுகளாகத் தாம் ஓவியங்களைத் துரத்தி உண்மையை இரண்டாம் கையாகப் பெற முயன்றதாகவும், இனி ஊர் திரும்பி இயற்கையிடமே கற்கவிருப்பதாகவும், இயற்கைக்கு உண்மையான ஓவியர் ஒருவருக்கு இன்னும் இடம் இருப்பதாகவும் தெரிவித்தார்.

இக்கடிதமே அவரை மரபின் எதிர்ப்பாளராகக் காட்டுவதற்குப் பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. ஆனால், போமாண்டின் இல்லத்தில் இருந்த பழைய ஓவியங்களைக் கண்டு திரும்பிய பின்னரே அவர் இம்முடிவுக்கு வந்தார் என்பது கருதத்தக்கது. சிறந்த முன்னோர் இயற்கையை நேரில் கண்டு வரைந்தனர். அவர்களைப் பின்பற்றுவதென்றால் அவர்களுடைய ஓவியங்களோடு நின்றுவிடாமல் அவர்கள் நோக்கியதையும் நோக்கவேண்டும் என்பதே அவர் கண்ட தெளிவு. அவ்வாண்டே அவர் தீட்டிய டெடம் பள்ளத்தாக்கு என்னும் சிற்றோவியம் இதற்குச் சான்று. காட்சி அவருடைய ஊர். அமைப்போ க்ளோடின் ஆகார் ஓவியத்தினுடையது.

திறந்தவெளியில் எண்ணெய் வண்ணம்

தொடர்ந்த ஆண்டுகளில் குளிர்காலத்தை இலண்டனிலும் கோடைக்காலத்தை ஈஸ்ட் பெர்கோல்ட்டிலும் கழிப்பது அவர் வழக்கமாயிற்று. 1806ஆம் ஆண்டு ஏரி மாவட்டத்தில் இரு மாதங்கள் சுற்றினார். மலைகளைப் புகழ்வது அக்காலத்துக் கவிதைக்கும் ஓவியத்துக்கும் பொதுவான சுவையாக இருந்தது. எனினும் மக்கள் வாழாத மலைத் தனிமை அவர் உள்ளத்துக்கு ஒத்துவரவில்லை. ஊர்களும் தேவாலயங்களும் குடிசைகளும் உள்ள நிலமே தமக்குரியது என அவர் உணர்ந்தார். வருவாய்க்காக உருவப்படங்களும், பிராந்தம், நேலண்ட் ஆகிய ஊர்த் தேவாலயங்களுக்கான சமய ஓவியங்களும் வரைந்தார்.

வெளியில் அமர்ந்து எண்ணெய் வண்ணத்தில் விரைவாக வரைந்த சிறு முன்வரைவுகளே இக்காலத்தில் அவருடைய உண்மையான வளர்ச்சியைக் காட்டுகின்றன. சிறிய அட்டையிலும் தாளிலும் பழுப்பு அல்லது செம்பழுப்பு நிற அடித்தளம் இட்டு, அதன்மேல் பச்சையையும் வெண்மையையும் தூரிகைத் தடம் தெரியுமாறு இட்டார். அடித்தளத்தின் செம்மை இடையிடையே தெரிவதனால் பச்சை மேலும் உயிர்ப்புப் பெறும். 1815ஆம் ஆண்டு காட்சிக்கு வைக்கப்பட்ட ஃபிளாட்ஃபோர்டு ஆலையருகே படகு கட்டுதல் என்னும் ஓவியம் முழுவதும் திறந்தவெளியிலேயே தீட்டப்பட்டது என்பர். அதில் காணப்படும் படகு கட்டும் களம் அவர் தந்தைக்கு உரியது.

காத்திருந்த திருமணம்

1809ஆம் ஆண்டு மரியா பிக்னெல் என்னும் பெண்ணிடம் கான்ஸ்டபிள் காதல் கொண்டார். மரியாவின் தாய்வழிப் பாட்டனார் டாக்டர் ரூட், ஈஸ்ட் பெர்கோல்ட்டின் தலைமைக் குருவாக இருந்தவர், செல்வர். நிலையான வருவாயற்ற ஓவியருக்குப் பேத்தியை மணமுடிக்க அவர் உடன்படவில்லை. மீறினால் மரியாவுக்குச் சொத்துரிமை இல்லாது போகும் நிலை இருந்தது. கடற்படைத் துறையின் சட்ட ஆலோசகரான மரியாவின் தந்தையும் தயங்கினார். ஏழாண்டுகள் இருவரும் பெரும்பாலும் கடிதங்கள் வழியாகவே உறவைப் பேணினர்.

இக்காத்திருப்பு அவருடைய கலையைப் பாதித்ததா என்பது எண்ணத்தக்க வினா. உருவப்படம் வரைவதில் முழுமையாக ஈடுபட்டிருந்தால் வருவாய் பெருகியிருக்கும். திருமணமும் விரைவில் கைகூடியிருக்கலாம். அவ்வழியை அவர் பகுதியளவில் மட்டுமே ஏற்றார். ஒவ்வொரு கோடையிலும் ஸ்டூர் ஆற்றங்கரைக்குத் திரும்பியது, விற்பனையாகாத ஓவியங்களுக்காகத் தம் இல்வாழ்வையே தள்ளிப்போட்டதற்கு ஒப்பாகும். 1815இல் தாயும் 1816இல் தந்தையும் மறைந்தனர். தந்தையின் சொத்தில் கிடைத்த பங்கினால் தன்னிறைவு பெற்றபின், 1816ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இலண்டனில் அவர் மரியாவை மணந்தார். அப்போது அவருக்கு வயது 40. அவருடைய நெருங்கிய நண்பரும் குருவுமான ஜான் ஃபிஷர் திருமணத்தை நடத்திவைத்தார். பின்னர் இவ்விணையருக்கு ஏழு குழந்தைகள் பிறந்தனர்.

ஆறடி ஓவியங்கள்

அகாடமியின் கண்காட்சிச் சுவரில் சிற்றோவியங்கள் கவனம் பெறுவதில்லை. வரலாற்று ஓவியங்களுக்கு உரிய பேரளவை ஆற்றங்கரைக் காட்சிக்கும் வழங்கக் கான்ஸ்டபிள் துணிந்தார். ஏறத்தாழ ஆறடி அகலமுள்ள முதல் ஓவியமான வெள்ளைக் குதிரை 1819இல் காட்சிக்கு வந்தது. அதனை ஃபிஷர் 100 கினிக்கு வாங்கினார். அவ்வாண்டு நவம்பரில் கான்ஸ்டபிள் அகாடமியின் இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரைவிட ஓராண்டே மூத்தவரான டர்னர் முழு உறுப்பினராகிப் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன என்பதை ஒப்பிட்டால் இவருடைய வளர்ச்சி எத்துணை மெதுவானது என்பது விளங்கும்.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஆலை (1820), வைக்கோல் வண்டி (1821), டெடம் அருகே ஸ்டூர் ஆற்றுக் காட்சி (1822), மதகு (1824), தாவும் குதிரை (1825) ஆகியவை தொடர்ந்தன. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அவர் முழு அளவிலான முன்வரைவு ஒன்றை முதலில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஆறடி ஓவியத்துக்கு ஆறடி முன்வரைவு என்பது அக்காலத்தில் வேறெவரும் அறியாத முறை. சிறு முன்வரைவில் உள்ள உடனடித் தன்மை பெரிய கித்தானுக்கு மாறும்போது அழிந்துவிடுகிறது. அதனை அழியாது கடத்தவே இந்த இடைநிலை அவருக்குத் தேவைப்பட்டது.

வைக்கோல் வண்டி 130 செ.மீ. உயரமும் 185 செ.மீ. அகலமும் உடையது. ஃபிளாட்ஃபோர்டு ஆலையின் அருகே ஆழமற்ற நீரில் வெறும் வண்டி ஒன்று நிற்கிறது. இடப்புறம் வில்லி லாட் என்னும் குடியானவரின் வீடு. வலப்புறம் தொலைவில் வைக்கோல் அறுப்போர். ஓவியம் இலண்டனில் தீட்டப்பட்டது. வண்டியின் சரியான வடிவம் வேண்டி ஊரிலிருந்து கோட்டோவியம் வரவழைக்கப்பட்டது. உலகியல் உண்மையில் அவர் கொண்ட அக்கறைக்கு இது சான்று. அதே வேளையில், போமாண்டின் தொகுப்பில் இருந்த ரூபன்ஸின் பெரிய நிலக்காட்சி ஓவியத்தின் தாக்கமும் இதில் உண்டென ஆய்வாளர் கருதுகின்றனர்.

இவ்வோவியத்துக்குக் கான்ஸ்டபிள் முதலில் இட்ட பெயர் நிலக்காட்சி: நண்பகல் என்பதாகும். வண்டி பற்றிய குறிப்பு அப்பெயரில் இல்லை. நிலத்தையும் பொழுதையும் மட்டுமே அவர் பெயராக்கினார். மனிதரும் விலங்கும் பொருளும் அவ்விரண்டினுள் அடங்குவன என்னும் இந்நோக்கு, முதற்பொருளை முன்வைத்துக் கருப்பொருளை அதனுள் வைக்கும் நம் இலக்கண நோக்குக்கு நெருங்கியதாக இருப்பது வியப்பளிக்கிறது.

வானமும் ஆய்வும்

நிலக்காட்சி ஓவியத்தில் வானம் வெறும் பின்திரை என்னும் கருத்தைக் கான்ஸ்டபிள் ஏற்கவில்லை. ஓவியம் முழுவதன் ஒளியையும் உணர்வையும் வானமே ஆள்கிறது என்பது அவர் முடிபு. மரியாவின் உடல்நலம் கருதிக் குடும்பத்தோடு ஹாம்ப்ஸ்டட் மேட்டில் தங்கிய 1821, 1822ஆம் ஆண்டுகளில் வானத்தை மட்டுமே பாடுபொருளாகக் கொண்டு தொடர்ந்து வரைந்தார். 1822ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில், கவனமாக வரைந்த வான ஓவியங்கள் ஏறத்தாழ ஐம்பது ஆகிவிட்டன எனத் தெரிவித்தார். பலவற்றின் பின்புறம் நாள், மணி, காற்றின் திசை, வெயிலின் தன்மை ஆகியன குறிக்கப்பட்டுள்ளன.

மேகங்களுக்கு லூக் ஹாவர்டு வகைப்பெயர் வழங்கி இருபதாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. வளிமண்டல நிகழ்வுகள் பற்றித் தாமஸ் ஃபார்ஸ்டர் எழுதிய நூலைக் கான்ஸ்டபிள் வாங்கிக் குறிப்புகள் எழுதிப் படித்தார். ஆயினும் இங்கும் முன்னோரை அவர் விடவில்லை. அலெக்சாண்டர் கசன்ஸ் மேகங்களின் வகைகளைக் காட்டி வெளியிட்ட மாதிரிப் படங்களை அவர் படியெடுத்தார். ஒரே காலப்பகுதியில் மாதிரிப் படமும் மெய்யான மேகமும் அவருக்குப் பாடமாயின.

1823ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் போமாண்டின் கோலியார்ட்டன் மாளிகையில் பல வாரங்கள் தங்கி க்ளோடின் ஓவியங்களை அவர் படியெடுத்த நிகழ்வும் இங்கு நினைக்கத்தக்கது. அப்போது அவருக்கு வயது 47. போமாண்டுக்கும் அவருக்கும் இடையே நிகழ்ந்த விவாதம் ஒன்று புகழ்பெற்றது. ஓவியத்தின் பொது நிறம் பழைய வயலினின் பழுப்பு நிறத்தை ஒத்திருக்கவேண்டும் எனப் போமாண்ட் கூற, கான்ஸ்டபிள் ஒரு பழைய வயலினை எடுத்து வீட்டின் முன்னிருந்த பசும்புல்லின்மேல் வைத்துக் காட்டினாராம். மரபுக்கு எதிரான செயலாகவே இது எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் க்ளோடை அருகிருந்து கற்றவர் என்பதனாலேயே, காலத்தால் மங்கிய மெருகெண்ணெயின் பழுப்பு வேறு, க்ளோடின் ஒளி வேறு என்பதை அவரால் பிரித்தறிய முடிந்தது. அவர் மறுத்தது முன்னோரையன்று; முன்னோரின்மேல் படிந்த தூசியையே.

பாரிஸில் கிடைத்த பெருமை

வைக்கோல் வண்டி 1821ஆம் ஆண்டுக் கண்காட்சியில் விலைபோகவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் பாரிஸ் நகர வணிகர் ஜான் ஆரோஸ்மித் அதனையும் வேறு இரண்டையும் சேர்த்து 250 பவுண்டுக்கு வாங்கினார். 1824ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைக்கோல் வண்டி பெரும் வரவேற்பைப் பெற்றது; பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் தங்கப் பதக்கம் வழங்கினார். அக்கண்காட்சிக்குரிய தம் பேரோவியத்தைக் கான்ஸ்டபிளின் வண்ணமுறையைக் கண்டபின் டெலக்ருவா திருத்தினார் என்பது ஓவிய வரலாற்றில் அறியப்பட்ட செய்தி. பார்பிசான் ஊரில் பின்னர்க் கூடிய பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர்களுக்கும் அவர் முன்னோடியானார். இத்தனைக்கும் கான்ஸ்டபிள் பாரிஸ் செல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்தை விட்டு அவர் வெளியே சென்றதே இல்லை.

இழப்பும் இருண்ட வானமும்

மரியாவை எலும்புருக்கி நோய் வாட்டியது. கடற்காற்று நலம் தரும் என எண்ணி 1824 முதல் அவரைப் பிரைட்டன் கடற்கரையில் தங்கச் செய்தார். 1828ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஏழாம் குழந்தை பிறந்தது. அவ்வாண்டே மரியாவின் தந்தை மறைந்து 20,000 பவுண்டு மரபுரிமையாகக் கிடைத்தது. வறுமை நீங்கிய அதே ஆண்டில், நவம்பர் 23ஆம் நாள், மரியா மறைந்தார். திருமணத்துக்காகக் கான்ஸ்டபிள் காத்திருந்து அடைந்த வயதும் மரியா வாழ்ந்து முடித்த வயதும் ஒன்றே, நாற்பது.

மரியா மறைவதற்கு முன், அவ்வாண்டுக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய டெடம் பள்ளத்தாக்கு என்னும் பெரிய ஓவியம், 1802ஆம் ஆண்டுச் சிற்றோவியத்தின் மறுபிறப்பாகும். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னரும் க்ளோடின் அதே அமைப்பு திரும்ப வருகிறது. ஆகார் இருந்த முன்னணியில் இப்போது நாடோடித் தாய் ஒருத்தி குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள். விவிலியப் பாத்திரத்தின் இடத்தை உலகியல் மாந்தர் ஒருவர் ஏற்றுள்ளார்.

அடுத்த ஆண்டு வந்த ஹாட்லி கோட்டை என்னும் ஓவியம் அவருடைய துயரின் வடிவமாகக் கருதப்படுகிறது. 1814இல் கண்டு சிறு ஏட்டில் வரைந்து வைத்த இடிந்த கோட்டை, பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பேரோவியமாயிற்று. வண்ணக் கத்தியால் அழுத்தி இட்ட வெண்புள்ளிகளும் கிழிபட்ட வானமும் பிற்கால ஓவியங்களின் இயல்பாயின. குறைகண்டோர் அவ்வெண்புள்ளிகளைப் பனித்தூவல் எனக் கேலி செய்தனர். 1829ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரே ஒரு வாக்கு மிகுதியால் அவர் அகாடமியின் முழு உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 52. பெருமையைப் பகிர்ந்துகொள்ள மரியா இல்லை. புல்வெளியிலிருந்து தோன்றும் சால்ஸ்பரி தேவாலயம் (1831) என்னும் ஓவியத்தில் இடியும் வானவில்லும் ஒருங்கே இடம்பெற்றன. மறு ஆண்டில் ஃபிஷரும், உதவியாளராக இருந்த டன்தோர்னின் மகனும் மறைந்தனர்.

உரைகளும் இறுதி நாள்களும்

டேவிட் லூகஸ் என்னும் தகட்டு ஓவியரோடு இணைந்து தம் ஓவியங்களை மெசோடின்ட் அச்சுப் படங்களாக ஆங்கில நிலக்காட்சி என்னும் தலைப்பில் 1830 முதல் வெளியிட்டார். ஒளியும் நிழலுமே நிலக்காட்சியின் உயிர் என உணர்த்துவது அதன் நோக்கம். வணிக அளவில் அது தோல்வியுற்றது.

1833 முதல் ஹாம்ப்ஸ்டட்டிலும் வூஸ்டரிலும், 1836இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் நிலக்காட்சி ஓவியத்தின் வரலாறு குறித்து உரையாற்றினார். டிஷியன், பூசான், க்ளோட், ரூபன்ஸ், ரெம்பிராண்ட், ராய்ஸ்டால் எனத் தொடரும் மரபை வரிசைப்படுத்திய அவர், முன்னோரை மட்டுமே பார்த்து வரைந்து இயற்கையை மறந்தவர்களைக் கடுமையாக மறுத்தார். ஓவியத்தை இயற்கை பற்றிய அறிவியலாகவும், ஒவ்வொரு படைப்பையும் அவ்வறிவியலின் சோதனையாகவும் கொள்ளலாம் என்பது அவர் கூறிய கருத்து. இயற்கையின் ஓவியராக மட்டும் அறியப்படும் ஒருவர் தம் இறுதிக் காலத்தை முன்னோர் வரலாற்றை எடுத்துரைப்பதில் செலவிட்டார் என்பது நம் ஆய்வுக்கு முதன்மையான சான்று. 1832ஆம் ஆண்டிலும், அகாடமியின் முழு உறுப்பினராக இருந்துகொண்டே, ராய்ஸ்டாலின் குளிர்காலக் காட்சி ஒன்றை மாணவரைப் போலப் படியெடுத்தார்.

ஹாம்ப்ஸ்டட் உரையொன்றில் தாம் வரைந்த சாம்பல் மரம் ஒன்றின் கதையைக் கூறினார். அறிவிப்புப் பலகை ஒன்றை ஆணியடித்து மாட்டியபின் அம்மரம் பட்டுப்போனதை, அவமதிப்புத் தாங்காது மாய்ந்த ஒரு நங்கையின் இறப்பைப்போல் அவர் விவரித்தார். மரத்தை உயிருடைய தனி ஒருவராகக் கண்ட உள்ளம் அது.

1837ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் இரவு கான்ஸ்டபிள் தம் இல்லத்தில் திடீரென மறைந்தார். ஆருண்டல் ஆலையும் கோட்டையும் என்னும் ஓவியம் அப்போது அவர் கைவேலையில் இருந்தது. ஆலைக்காரர் மகனின் இறுதி ஓவியமும் ஓர் ஆலையே. ஹாம்ப்ஸ்டட் கல்லறையில் மரியாவோடு அவர் அடக்கம் செய்யப்பட்டார். நண்பர்கள் பணம் திரட்டி அவருடைய கதிர்வயல் ஓவியத்தை வாங்கி அவ்வாண்டே தேசிய ஓவியக்கூடத்துக்கு அளித்தனர். நண்பர் லெஸ்லி எழுதிய வாழ்க்கை வரலாறு 1843இல் வெளிவந்தது. மகள் இசபெல் தம்மிடமிருந்த முன்வரைவுகளை 1888இல் பொது அருங்காட்சியகத்துக்கு வழங்கியபின்னரே அவருடைய முழு உழைப்பும் உலகறிந்தது.

ஒரு மறுப்பும் அதன் வரம்பும்

கான்ஸ்டபிளின் நிலம் முழு உண்மையன்று என்னும் கருத்தும் உண்டு. 1822ஆம் ஆண்டில் கிழக்கு மாவட்டங்களின் உழவுத் தொழிலாளர் வறுமையால் கொந்தளித்தனர். வைக்கோற் போர்களும் களஞ்சியங்களும் எரிந்தன. இச்செய்திகளைக் கான்ஸ்டபிள் அறிந்திருந்தார். எனினும் அவர் ஓவியங்களில் உழைப்போர் சிற்றுருவாகத் தொலைவில் அமைதியோடு காட்சியளிக்கின்றனர். ஜான் பாரல் 1980இல் வெளியிட்ட நூல் இப்போக்கை விரிவாக ஆராய்கிறது. ஆலை உரிமையாளரின் மகனும் பழமை போற்றும் அரசியலினருமான கான்ஸ்டபிளின் கண் எதனைக் கண்டது, எதனைக் காணாது விட்டது என்னும் வினா நியாயமானதே. மேகத்தின் திசையையும் வண்டியின் ஆரத்தையும் தவறாது கண்ட அவர், வண்டியோட்டியின் முகத்தை அணுகிக் காணவில்லை. உலகியல் வழக்கு என நாம் கருதுவதும் நோக்குபவரின் இடத்தைப் பொறுத்தது என்பதை இக்குறை நமக்கு நினைவூட்டுகிறது.

முடிவுரை

கான்ஸ்டபிளின் வாழ்விலிருந்து பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, படியெடுத்தல் அவருக்கு மாணவப் பருவத்துப் பயிற்சி மட்டுமன்று. இளமை முதல் ஐம்பத்தைந்து வயது கடந்தும் தொடர்ந்த ஒழுகலாறு. இரண்டாவது, இயற்கையை நோக்குவதும் அவருக்கு எளிதில் வாய்த்த உணர்வெழுச்சியன்று. நாளும் மணியும் காற்றும் குறித்துச் செய்த உழைப்பு. மூன்றாவது, 1802, 1828 ஆகிய ஆண்டுகளின் டெடம் பள்ளத்தாக்கு ஓவியங்கள் காட்டுவதுபோல, பழைய அமைப்பு புதிய நிலத்தைக் காணும் சட்டமாகவும், புதிய நிலம் பழைய அமைப்புக்கு உயிராகவும் அமைந்தன. மரபா இயற்கையா என எதிர்நிலையில் வைத்துக் கேட்கப்படும் வினா அவரைப் பொறுத்தவரை பொருந்தாதது. முன்னோர் எதனை நோக்கினர் என்று அறிய முன்னோரையும், அவர்கள் காணாது விட்டது எது என்று அறிய ஆற்றங்கரையையும் அவர் நாடினார். சங்கப் பாடல்களின் நிலச் சித்திரிப்பு வெறும் மரபா, நேரில் கண்டதா என விவாதிக்கும் நமக்கும், இரண்டையும் ஒருசேர வினவும் முறையை இவ்வாழ்க்கை கற்பிக்கிறது.